ஜன்னலைத் திறங்க சார்!

பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே போனால் தாமல். பெரிய ஏரி உள்ள ஊர். பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்து, ‘தண்ணி இருக்கா?’ என்று ஒரு விநாடி யோசித்திருப்பீர்கள். அவ்வளவுதான். ஒருநாள் விடியற்காலையில் அங்கே இறங்கிப் பாருங்கள். ஊருக்குள் தறிச் சத்தம் ஆரம்பிப்பதற்கு முன்பே ரோட்டோரத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ்கள் அவர்களை அள்ளிக்கொண்டு போகும். அப்பா தறிக்குழியில் கால் வைக்கிற நேரத்தில், பையன் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருப்பான்.

அப்படி நின்ற ஒரு தம்பியிடம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். பட்டு நெய்கிறவர் மகன். 2020-ல் முதல் ஊரடங்கு முடிந்து திரும்ப வேலைக்குக் கூப்பிட்டபோது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“கேட்ல எல்லாம் சூப்பர் சார். எதையும் தொடவே வேணாம். துப்பாக்கி மாதிரி ஒண்ண நெத்தியில காட்டிக் காய்ச்சல் பாப்பாங்க. கைய நீட்டுனா குழாய்ல தண்ணி வரும். அட்டெண்டன்ஸுக்கு விரல் வேணாம், மூஞ்சியக் காட்டுனா போதும்.”

“பஸ்ஸுல?”

“பஸ்ஸுல எப்பவும் போலத்தான் சார். ஏ.சி. பஸ்ஸு. ஜன்னல் திறக்காது.”

கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த மெஷின்களை விற்றவர்கள் இன்னும் கடையைக் கட்டவில்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே பேசவேண்டியிருக்கிறது.

2020-ன் நடுவில் வந்த விளம்பரங்கள் ஞாபகம் இருக்கிறதா? ‘தொடுதல் இல்லாத அலுவலகம்’, ‘பாதுகாப்பாகப் பணிக்குத் திரும்புங்கள்’. காலால் மிதித்தால் திறக்கும் கதவு. கையசைத்தால் சொட்டும் கிருமிநாசினி. வசதி இல்லாத இடத்தில் லிஃப்ட் பட்டனை அழுத்தப் பல்குச்சி. என் நண்பர் வேலை பார்த்த நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) சென்சார் குழாய் வைத்தார்கள். அதன் முன்னால் கையை மேலே, கீழே, பக்கவாட்டில் காட்டிக் கற்பூர ஆரத்தி எடுத்தால்தான் அம்மன் மனமிரங்கித் தண்ணீர் விடும். அதே நிறுவனத்தின் அந்த மாடியில் திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது.

ஆரம்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பது உண்மை. 2020 மார்ச் 6-ம் தேதி மத்திய அரசு தன் அலுவலகங்களில் விரல் வைக்கும் பயோமெட்ரிக் வருகைப் பதிவை நிறுத்தி உத்தரவு போட்டது. ஒரே கண்ணாடியில் நூறு பேர் விரல் வைக்கிறார்கள், நிறுத்துங்கள் என்றார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு. கை கழுவுவதும் என்றைக்குமே நல்லதுதான், வயிற்றுப்போக்கு வருவது குறையும். நான் கேட்பது அதற்கு அப்புறம் நடந்ததை.

அதே மார்ச்சில் தென்கொரியத் தலைநகர் சியோலில் ஒரு கட்டடம். கீழே அலுவலகங்கள், மேலே வீடுகள். 11-வது மாடியில் ஒரு கால் சென்டர். அந்த மாடியில் வேலை பார்த்த 216 பேரில் 94 பேருக்கு கொரோனா. கட்டடத்தோடு தொடர்புள்ள 1,143 பேரைப் பரிசோதித்தார்கள். மொத்தம் 97 பேருக்குத்தான் தொற்று. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 11-வது மாடிக்கு வெளியே வெறும் 3 பேர். இத்தனைக்கும் எல்லா மாடிக்காரர்களுக்கும் அதே லிஃப்ட், அதே வரவேற்பறை. நோய் பட்டனில் உட்கார்ந்திருந்தால் கட்டடமே படுத்திருக்க வேண்டாமா? அது படுக்கவைத்தது ஒரே மாடியை. அதிலும் பெரும்பாலும் ஒரே பக்கம் நெருக்கமாக உட்கார்ந்து நாள் முழுக்க போனில் பேசிக்கொண்டிருந்தவர்களை.

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், அதே மாதம் ஒரு சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகை. வாசலிலேயே கிருமிநாசினி வைத்திருந்தார்கள். கைகுலுக்கல், கட்டிப்பிடித்தல் எல்லாம் தவிர்த்தார்கள். பாடினார்கள். வந்தவர்கள் 61 பேர். நோய் கண்டது, சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து, 53 பேருக்கு. இரண்டு பேர் இறந்துபோனார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. ஒரே காற்றைச் சுவாசித்தார்கள்.

2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்லியே விட்டது. நோய்க்கிருமி படிந்த ஒரு பொருளை ஒருமுறை தொடுவதால் கொரோனா வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு. சரி, அறிவியல் திசை திரும்பிவிட்டது. நம் அலுவலகங்கள் திரும்பினவா? சென்சாரைக் கழற்றிவிட்டு ஜன்னலை உடைத்தார்களா? காற்று மாற்றும் விசிறி வைத்தார்களா? எனக்குத் தெரிந்த இடங்களில் இல்லை. நெற்றியில் வைத்த துப்பாக்கி கொஞ்ச நாளில் மணிக்கட்டுக்கு இறங்கியது. வாட்ச்மேன் மானிட்டரைப் பார்க்காமலேயே ‘போங்க சார்’ என்றார். அவ்வளவுதான் மாற்றம்.

ஏன் என்றால், ஜன்னலுக்கு சேல்ஸ்மேன் கிடையாது.

பி.காம். படித்தவன் புத்தி, எனக்குச் செலவுத் தலைப்புகளில்தான் கண் போகும். சென்சார் குழாய் ஒருமுறைச் செலவு. சொத்துக் கணக்கில் எழுதிவிட்டுத் தேய்மானம் கழிக்கலாம். வருகிற வெள்ளைக்காரனுக்குக் காட்டலாம், போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போடலாம். பஸ்ஸில் பாதிப் பேரை ஏற்றினால்? பஸ் இரண்டு மடங்கு, டீசல் இரண்டு மடங்கு, மாதாமாதம். காய்ச்சல்காரனுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தால்? அதுவும் மாதாமாதம். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டால் உற்பத்தியே குறையும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் எந்த முதலாளியும் எதை வாங்குவார் என்று சொல்ல சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தேவையில்லை.

தொழிலாளிகள் என்ன கேட்டார்கள் என்பதற்கு இந்த நெடுஞ்சாலையே சாட்சி. 2021 மே மாதம், இரண்டாவது அலை. தமிழ்நாடே முழு ஊரடங்கில் கிடந்தபோது கார் தொழிற்சாலைகளுக்கு விலக்கு. ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். இடைவெளி விதிகள் பின்பற்றப்படவில்லை, உயிர் பயமாக இருக்கிறது என்றார்கள். நகரும் வரிசையில் வண்டிகளுக்கு நடுவே காலி இடம் விட்டால்தான் ஆளுக்கு ஆள் தள்ளி நிற்க முடியும் என்பது அவர்கள் வாதம். விதிகளைப் பின்பற்றுகிறோம் என்றது நிர்வாகம். மே 26 முதல் வேலைக்கு வரமாட்டோம் என்று தொழிற்சங்கம் சொன்ன பிறகு ஆலை சில நாள் மூடப்பட்டது. அதே வாரம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அங்கேயும் மூடினார்கள்.

கவனியுங்கள். எங்களுக்கு முகம் பார்க்கும் கேமரா வேண்டும் என்று அவர்கள் போராடவில்லை. கேட்டது இடைவெளி. இரண்டு காருக்கு நடுவே கொஞ்சம் காலி இடம். அதுதான் உலகத்திலேயே விலை உயர்ந்த தொடுதல் இல்லாத தொழில்நுட்பம் போலிருக்கிறது, கோர்ட்டுக்குப் போய்க் கேட்கவேண்டியிருந்தது.

கொரோனா போனது. துப்பாக்கி அலமாரிக்குப் போனது. மிதிகதவு துருப்பிடித்தது. போகாமல் நின்றது ஒன்றே ஒன்று, அட்டெண்டன்ஸ் கேமரா. மத்திய அரசு அலுவலகங்களில் 2021 நவம்பர் 8-ம் தேதி விரல் மெஷின் திரும்ப வந்தது, பக்கத்தில் கிருமிநாசினியோடு. பிறகு முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் செயலியும் சேர்ந்துகொண்டது. பாதுகாப்பு என்று சொல்லி உள்ளே விட்ட விருந்தாளி, இப்போது நீங்கள் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போனீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வாங்கும்போது ‘நலம்’ என்ற தலைப்பில் எழுதிய பொருளை, பிற்பாடு ‘கண்காணிப்பு’ என்ற தலைப்புக்கு மாற்றினால் எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.

ஆபீஸோடு நிற்கவில்லை அது. நூறு நாள் வேலைக்கு 2021 மே மாதம் ஒரு செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஏரிக்கரையில் மண் அள்ளுகிற அம்மாவை ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் பிடித்து ஏற்றவேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காவிட்டால்? படம் இல்லை, படம் இல்லாவிட்டால் கூலிக்கு ஆபத்து. இதை எதிர்த்து டெல்லி ஜந்தர் மந்தரில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். கடைசியில் 2025 ஜூலையில் மத்திய ஊரக அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள். ஆளையும் தொடாமல், மண்ணையும் தொடாமல் வேலை நடந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘டச்லெஸ்’ என்று நாகரிகமாகச் சொல்கிறோமே, தமிழில் யோசித்தால் வாயில் என்ன வார்த்தை வருகிறது? அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்துவிட்டதாகச் சொன்ன அந்த வார்த்தைதான். நான் வேண்டுமென்றே முடிச்சுப் போடவில்லை. அந்தத் தொடாத அலுவலகத்தை 2020-ல் மணிக்கொருதரம் துடைத்தது யார் என்று யோசியுங்கள். சென்சார் குழாயை, கைப்பிடியை, கழிப்பறையை, நீங்கள் தூக்கிப்போட்ட முகக்கவசத்தை? ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கும் ஓர் அம்மா. நாம் எதையும் தொடாமல் இருப்பதற்காக அவர் எல்லாவற்றையும் தொட்டார். அவருக்குச் சம்பளத்தோடு சுகவீன விடுப்பு உண்டா என்று உங்கள் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஒருமாதிரி பார்ப்பார்கள்.

‘கொரோனாதான் போயிற்றே, இப்போது ஏன்?’ என்பீர்கள். காசநோய் போகவில்லையே. உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். அதுவும் லிஃப்ட் பட்டனில் பரவுவதில்லை. பூட்டிய அறையில், நெரிசலான விடுதியில், ஜன்னல் திறக்காத வண்டியில் இருமலோடு வருகிறது. ஒரு முழுத் தொற்றுநோய் வந்து பாடம் நடத்திவிட்டுப் போன பிறகும் அந்த பஸ்ஸின் ஜன்னல் அப்படியே இருக்கிறது.

தாமலில் அந்தத் தம்பியின் வீட்டுக்கும் போனேன். அப்பா கோர்வைச் சேலை போட்டிருந்தார். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி கரைநாடாவைத் தள்ள, இவர் வாங்கி அடித்தார். இடையில் இரண்டடிகூட இருக்காது. இந்தத் தொழிலைத் தொடாமல் செய்வதற்கு எந்தக் கம்பெனியும் மெஷின் கொண்டுவரவில்லை, 2020-ல் இவர்களை யாரும் ‘பணிக்குத் திரும்புங்கள்’ என்று கூப்பிடவும் இல்லை. கல்யாணம் எல்லாம் 50 பேரோடு நடந்த வருஷத்தில் பட்டுச் சேலைக்கு ஏது ஆர்டர்?

ரேஷன் கடை விரல் மெஷின் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். நூலும் சாயமும் தேய்த்து நுனி வழவழவென்று இருந்தது.

“நெய்யற கை சார். ரேகை எங்க இருக்கும்? நாலு தடவ வெச்சாலும் ‘இல்ல’ங்குது. என் அரிசிக்கு நான் நான்தான்னு யார்கிட்ட போய்ச் சொல்றது?”

விரல் வேண்டாத மெஷின் உண்மையிலேயே தேவைப்பட்டது இவருக்குத்தான். கருவிழி பார்க்கும் கருவி தமிழக ரேஷன் கடைகளுக்கு வர ஆரம்பித்ததே கொரோனா அடங்கிய பிறகு, அதுவும் படிப்படியாக. மகன் போகும் கம்பெனி கேட்டில் முகம் பார்க்கும் கேமரா 2020-லேயே நின்றது.

மறுநாள் விடியற்காலை ஊர் திரும்பும்போது அதே டீக்கடை, அதே பஸ். தம்பி ஏறும் முன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. டிரைவர் பட்டனை அழுத்த, கதவு தானாக மூடிக்கொண்டது.