கொடுமணல்: உழவை நம்பி எழாத ஊர்

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கும் சிற்றூர் கொடுமணல். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் வறண்ட பூமி. கம்பும் சோளமும் ஆடுமாடும் தாங்குமே தவிர, வயல் வளத்தைத் தேடி யாரும் வந்து குடியேறும் இடமல்ல. ஆனாலும் ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இங்கே ஊர் அமைந்து, கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை தழைத்திருந்தது. பதிற்றுப்பத்து இதனைக் கொடுமணம் என்ற பெயரில் நல்ல அணிகலன்களுக்குப் பேர்போன ஊராகச் சொல்கிறது.

ஆற்றங்கரையில்தான் நாகரிகம் பிறக்கும் என்ற பாடப்புத்தக விளக்கம் இவ்வூருக்குப் போதாது. நொய்யல் குடிக்கத் தண்ணீர் தந்தது. ஊரை உண்டாக்கியவை சுற்றியிருந்த கற்கள். இரும்புத் தாது சென்னிமலைப் பக்கம் கிடைத்தது. பெரில் என்னும் நீலப்பச்சைக் கல் படியூரிலும், நீலக்கல் சிவன்மலையிலும், படிகக்கல் வெங்கமேட்டிலும் அரசம்பாளையத்திலும் கிடைத்தன. எல்லாமே ஒரு நாள் நடைக்குள் அடங்கும் தொலைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து கரூருக்குப் போகும் பெருவழியும் இவ்வூரைத் தொட்டுச் சென்றது. கல் கிடைக்கும் ஊர்கள் கொங்கில் பல உண்டு. கல்லும் தாதுவும் வழியும் ஒருங்கே கைக்கெட்டும் இடத்தில் அமைந்ததே கொடுமணலின் தனித்தன்மை.

1961இல் நடந்த சிறு ஆய்வுக்குப் பிறகு, 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரைக் கொண்டு முறையான அகழாய்வு செய்தது. 2012–13இல் ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மீண்டும் தோண்டியது. தமிழ்நாடு தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வுகள் நடத்தியிருக்கிறது. வாழ்விட மேட்டைச் சுற்றிப் பரந்த ஈமக்காடு ஒன்றும் உண்டு.

இரும்பு உருக்கும் வேலை குடியிருப்பின் ஓரத்தில் நடந்தது. புகையையும் நெருப்பையும் வீடுகளை விட்டு விலக்கி வைத்திருந்தார்கள் என்று கொள்ளலாம். உலைகளின் அடிப்பகுதி, துருத்திக் குழாய்த் துண்டுகள், இரும்புச் சிட்டம், சூட்டில் கண்ணாடியாக இறுகிய மூசைகள் ஆகியவை கிடைத்துள்ளன. பெரிய உலை ஒன்றைச் சுற்றிச் சிறு உலைகள் பல இருந்த அமைப்பும் வெளிப்பட்டது. தாதுவை உருக்கி இரும்பாக்குவது ஒரு வேலை. அந்த இரும்பை மூசையிலிட்டுக் கரி சேர்த்து எஃகாக்குவது அதனினும் நுட்பமான வேறொரு வேலை. இரண்டும் ஒரே ஊரில் நடந்ததற்குத் தடயம் இருப்பதுதான் இங்கே முக்கியம்.

மணித் தொழிலின் சான்றுகள் இன்னும் தெளிவானவை. முழுமையான மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் அவை வெளியூரிலிருந்து வாங்கியவை என்று ஒதுக்கிவிடலாம். இங்கே கிடைத்தவை அப்படியல்ல. உடைத்த கல், உருவம் செதுக்கிய கல், தேய்த்தும் துளையிடாத மணி, துளையிட்டும் மெருகேற்றாத மணி, வேலை நடுவில் உடைந்து எறியப்பட்ட மணி என்று தொழிலின் ஒவ்வொரு படியும் மண்ணுக்குள் இருந்தது. பட்டறையில்தான் இப்படிக் கழிவு சேரும். பெரில் கடினமான கல். அதைத் தீட்ட அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். நீலக்கல்லின் இனமான குருந்தக்கல் காங்கயம் வட்டாரத்திலேயே கிடைப்பதால், கல்லும் அதைத் தீட்டும் பொடியும் ஒரே வட்டாரத்தில் அமைந்துவிட்டன. சூதுபவளமும் அகேட்டும் குஜராத் பக்கமிருந்தும், லாபிஸ் லாசுலி என்னும் நீலநிறக் கல் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவை. உள்ளூர்க் கல்லில் பழகிய கைகளைத் தேடி வெளியூர்க் கல்லும் வந்தது என்பதே இதற்குப் பொருள்.

கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள இவ்வூரில் சங்கு அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். நூல் நூற்ற தக்களிகளும் கிடைத்தன. அவற்றைக் காட்டித் திருப்பூர்ப் பனியனுக்கு 2,000 ஆண்டுப் பரம்பரை சொல்வது மேடையில் இனிக்கும். ஆனால் பனியன் தொழில் இருபதாம் நூற்றாண்டில் வேறு காரணங்களால் எழுந்தது. இரண்டுக்கும் இடையில் நீண்ட வெற்றிடம் இருக்கிறது.

கொடுமணலின் கல்மணிகளை வாங்கியவர்கள் யார்? ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில், பெரில் இந்தியாவை விட்டால் வேறெங்கும் அரிது என்று எழுதினார். வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் எனக் கொங்கில் ரோமானியக் காசுகள் கிடைத்த இடங்களும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிழக்கே வரும் வழியை ஒட்டியே அமைகின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

தொழில் செய்தவர்களைப் பற்றிப் பானை ஓடுகள் பேசுகின்றன. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் 500க்கு மேல் கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன், பண்ணன் போன்ற பெயர்களோடு விசாகி, சம்பன் சுமணன் போன்ற வடபுலச் சாயல் கொண்ட பெயர்களும் உண்டு. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற சொல்லும் வருகிறது. அரண்மனையோ கோட்டையோ வெளிப்படாத ஊரில், அன்றாடம் புழங்கிய கலங்களில் இத்தனை எழுத்து இருக்கிறது. எழுத்தறிவு அரசவைக்கும் துறவிகளுக்கும் மட்டும் உரியதாக இருந்தது என்ற பழைய கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை.

ஆனால் செல்வம் எல்லோருக்கும் ஒன்றாகப் பங்கிடப்படவில்லை. ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. பல கல்லறைகளில் பானைகளைத் தவிர அதிகம் இல்லை. அந்த மணிகளைத் துளையிட்டவர்கள் அந்தக் கல்லறைக்குரியவர்களாக இருந்திருப்பார்கள் என்று எண்ணுவது கடினம்.

ஊர் ஏன் ஒடுங்கியது என்பதற்குப் படையெடுப்பையோ பஞ்சத்தையோ தேட வேண்டியதில்லை. ரோமானிய வணிகம் தளர்ந்த காலமும் கொடுமணல் கைவிடப்பட்ட காலமும் நெருங்கி வருகின்றன. கல் தீர்ந்துபோகவில்லை; 19ஆம் நூற்றாண்டிலும் படியூரில் பெரில் வெட்டியிருக்கிறார்கள். தீர்ந்தது வாங்குவோரின் தேவை. உழவை அடித்தளமாகக் கொண்ட ஊர் சந்தை சரிந்தாலும் சுருங்கிப் பிழைத்துக்கொள்ளும். கொடுமணலுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

எனவே வாழ்விட மேட்டையும் ஈமக்காட்டையும் மட்டும் காத்தால் இவ்வூரின் வரலாறு பாதிதான் மிஞ்சும். படியூரின் பழைய கல்குழிகளும், சிவன்மலை, சென்னிமலைச் சரிவுகளும், வெங்கமேட்டுப் படிகக்கல் பாறைகளும் இதே தொழிற்கூடத்தின் பகுதிகள். அவற்றையும் முறையாக அளந்து, வரைபடமாக்கி, தொல்லியல் பாதுகாப்பு வரம்புக்குள் தமிழ்நாடு அரசு கொண்டுவர வேண்டும்.