விஷச் சமையலறை

ஒரு நாளேட்டின் வீச்சை அது விற்ற பிரதிகளைக் கொண்டு அளப்பதே வழக்கம். அந்த அளவுகோல் போதாது என்பது நம் எண்ணம். பவேரியாவின் தலைநகரான மியூனிக்கில் 1888 முதல் 1933 வரை வெளிவந்த 'மூன்ஷனர் போஸ்ட்' அதற்குச் சான்று.

சமூக ஜனநாயகக் கட்சியின் ஏடு அது. சார்பற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஹிட்லர் அரசியலில் வளர்ந்த ஊரிலேயே அவரைத் தொடக்கம் முதல் கவனித்து எழுதியது. நாஜிகள் அதற்கு வைத்த பெயர் 'விஷச் சமையலறை'. 1923 நவம்பரில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற இரவில், ஹிட்லரின் ஆட்கள் அதன் அலுவலகத்துக்குள் புகுந்து சூறையாடினர். ஏடு மீண்டெழுந்து தொடர்ந்து எழுதியது. 1931 டிசம்பர் 9 அன்று, அதிகாரத்துக்கு வந்தால் யூதர்களை என்ன செய்வது என்னும் நாஜிகளின் மறைவான திட்டத்தை அது வெளியிட்டது. 'இறுதித் தீர்வு' என்ற சொல் அதில் அச்சேறியிருந்தது. உலகம் அச்சொல்லின் பொருளை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

1933 மார்ச் 9 அன்று அலுவலகம் மீண்டும் சூறையாடப்பட்டது. இம்முறை ஏடு எழவில்லை.

எச்சரிக்கை பலிக்கவில்லையே, பிறகென்ன வீச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓர் ஊர்ப் பத்திரிகையால் ஒரு தேசத்தைத் தடுத்து நிறுத்த இயலாது. ஆயினும் அதன் இலக்கியப் பகுதியைக் கவனித்துவந்த யூலியுஸ் ஸெர்ஃபாஸ், டாஹாவ் வதைமுகாமில் அடைபட்டு, பின்னர் ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பி, 1936-இல் புனைபெயரில் அம்முகாமைப் பற்றி நூல் எழுதினார். அரசியல் ஆசிரியராக இருந்த எட்முண்ட் கோல்ட்ஷாக், 1945 அக்டோபர் 6 அன்று அதே மியூனிக்கில் 'ஸூட்டாய்ச்ச ஸைட்டுங்' தொடங்கப்பட்டபோது அதற்கு உரிமம் பெற்ற மூவருள் ஒருவர். ஹிட்லரின் நூலை அச்சிட்ட ஈய வார்ப்புகளை உருக்கித்தான் அந்த இதழின் முதல் அச்சுத் தகடு வார்க்கப்பட்டது. இன்று ஜெர்மனி முழுவதும் வாசிக்கப்படும் நாளேடு அது.

'நாங்கள் அறிந்திருக்கவில்லை' என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். மியூனிக்வாசிகள் அப்படிச் சொல்ல இடமில்லாமல் செய்தது இந்தச் சிறிய ஏடு. சில ஆயிரம் கைகளுக்குள் நின்றுவிடும் இதழ்களை நேசிக்கும் நமக்கு, ஒரு பத்திரிகையின் வீச்சு என்பது முதன்மையாக இதுதான்.