நம்மைச் சூழ்ந்த செடிகள்: கொழுஞ்சி



கொழிஞ்சாம்பாறை என்னும் பெயரைக் கேட்டவுடன் கொழுஞ்சிச் செடி நினைவிற்கு வருதல் இயல்பே. மலையாளத்தார் இதனைக் 'கொழிஞ்ஞில்' என்பர். மழை குறைந்த சித்தூர்த் தாலுக்காவின் மேட்டு நிலங்களிலும், சாலையோரங்களிலும், மணற்பாங்கான தரிசுகளிலும் யாரும் விதைக்காமலே வளரும் அவரைக் குடும்பத்துச் செடி இது. ஊதா நிறப் பூவும், தட்டையான சிறு காயும் உடையது. இதன் சிற்றிலையை நுனி பற்றி இழுத்தால் அம்புமுனை போன்ற வடிவில் அறுபடும். இவ்வடையாளத்தைக் குழந்தைகளுக்கும் கற்பிக்கலாம்.

வளமற்ற மணலில் இது செழிப்பது எவ்வாறு? காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் உளது. ஆயினும் செடிகள் அதனை நேரே உண்ண இயலாது. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை உணவாக மாற்றித் தருகின்றன. இவ்வுண்மையை ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1888இல் விளக்கி வெளியிட்டனர். நம் உழவரோ, காரணம் அறியுமுன்னரே, கொழுஞ்சியை வயலில் மடக்கி உழுது பயன் கண்டவர்கள்.

அமெரிக்காவின் மணற்குன்றுகளிலும் புல்வெளிகளிலும் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி காடாய் வளர்கிறது. அதன் வேரிலுள்ள நஞ்சைக் கொண்டு அந்நாட்டுப் பழங்குடியினர் மீன் பிடித்தனர். இடுக்கித் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் நம்மவர்க்கும் ஒரு செய்தி உண்டு. இவ்வினத்தின் மற்றொரு செடியை, 'போக மெடலோவா' என்ற பெயரில், அசாம் தோட்டங்களில் மண்ணை வளப்படுத்த வளர்த்தனர்.

இன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் நைட்ரஜன் ஏறக்குறைய 21 கிலோவே. அதனைக் காசு கொடுத்து வாங்கும் நாம், கோடையில் நிலத்தை வெறுமனே காயவிடுகிறோம். யூரியா பயிருக்கு நைட்ரஜன் தருமேயன்றி, மண்ணுக்குத் தழையும் மக்கும் தருவதில்லை. நாளடைவில் மண் இறுகுமாயின் இழப்பு நம் மக்களுக்கே.

ஆதலின், சிறு நிலம் உடையோர் ஒரு பாத்தியிலேனும் சோதித்துப் பார்க்கலாம். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். விதைத்தோல் கடினமானது, ஆகையால் சொரசொரப்பான மணலோடு தேய்த்தோ, கை பொறுக்கும் அளவினும் சற்று மிகுந்த சூடுள்ள நீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டெடுத்தோ விதைத்தல் வேண்டும். ஆடு மாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை. காவலும் மிகுதியாக வேண்டா. பூக்கத் தொடங்கியதும் மடக்கி உழுது, மட்கியபின் நடவு செய்க. தானே விதை உதிர்த்து அடுத்த ஆண்டும் முளைப்பதுண்டு.

ஓர் எச்சரிக்கை: சித்த மருத்துவத்தில் இதன் வேர் பயன்படுகிறதென்று கேட்டுத் தாமே கஷாயம் வைத்துக் குடித்தல் தகாது. மருத்துவர் சொற்படியே கொள்க.

வேர்விட்ட மண்ணுக்குத் தான் பெற்றதினும் மிகுதியாய்த் திருப்பித் தரும் செடி இது. வந்த ஊரை வாழ்வித்து வாழும் நம்மவர் இல்லங்களில் இதற்கு ஓரிடம் இருத்தல் நன்று.