சிவப்பு பழகிப்போச்சா?

காஞ்சன்பாக்கில் ஆணி பிடுங்கிய நேரம் போக, ராத்திரியில் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு உழைக்கிறேன். யார் நிரலை மாற்றினாலும் உடனே கட்டிச் சோதிக்கும் பில்ட் பொட்டிகளில் ஒன்று மூணு வாரமாகச் சிவப்பு. கேட்டால், "அது எப்பவும் அப்படித்தான் பாஸ், இன்னொரு வாட்டி ஓட்டுங்க!"

கலாமே சொன்ன கதை: 1979 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவில் கணினி 'நிறுத்து' என்றது. மீறி ஏவினார். எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. 1982-ல் இதே காஞ்சன்பாக் டி.ஆர்.டி.எல்.லுக்கு இயக்குநராக வந்தார். 1989 ஏப்ரல் 20-ல் அக்னிக்கும் கணினி 'நிறுத்து' என்றது. இந்த முறை நிறுத்தினார்கள். மே 22-ல் அக்னி பறந்தது.

பொட்டி பழுதா, சரிபண்ணுங்க. முடியலையா, கழற்றி வையுங்க. பொய்ச் சிவப்புக்குப் பழகினால் நிஜச் சிவப்பை யார் பார்ப்பது? 'புலி வருது' கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மட்டும் போதுமா மக்களே?