ஊசி ஒருவருக்கு மட்டும் போதாது



கடந்த தவணை முடியச் சில நாட்களுக்கு முன், மாணவன் ஒருவனின் தாய் பாடசாலை விட்ட பிறகு என்னைத் தேடி வந்தார். கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். மடித்து மடித்து நைந்துபோன ஒரு துண்டை நீட்டி, "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குனு வாசிச்சுச் சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க" என்றார்.

துண்டு முழுவதும் சிங்களத்தில் இருந்தது. பெயர் இல்லை, ஓர் இலக்கமும் திகதியும் மட்டும். அவர் நான்கு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் நோய் தெரியவந்து, அவருக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். கணவரையும் பரிசோதனைக்கு வரச் சொல்லும் அழைப்புத்தான் அந்தத் துண்டு. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கு வந்தார், நான்கு நாள் தங்கினார், திரும்பிப் போனார். துண்டு தகரப்பெட்டிக்குள் கிடந்தது. பிரசவத்துக்கு முன் எடுத்த பரிசோதனையில் அந்தத் தாய்க்கு மீண்டும் நோய் தொற்றியிருந்தது. பிறந்த குழந்தையைப் 10 நாட்கள் வைத்தியசாலையில் வைத்து ஊசி போட்டார்கள்.

அவருடைய சம்மதத்தோடு, யாரென்று தெரியாதபடி இதை எழுதுகிறேன். சம்பளத்தையும் காணியையும் பேசுகிற சங்கப் பத்திரிகைக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது உழைப்பு நமது உடம்பில்தான் இருக்கிறது. அந்த உடம்புக்கு வருகிற நோயைப் பற்றி வெட்கப்பட்டு வாய்மூடினால், அதன் விலையைக் குழந்தை கொடுக்க வேண்டி வருகிறது.

பற்றீரியாக் கிருமிகளால் வருகிற பாலியல் நோய்களில் முக்கியமானவை மூன்று: சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா. மூன்றுமே முற்றாகக் குணமாக்கக்கூடியவை. ஆரம்ப நிலை சிபிலிஸுக்குப் பெனிசிலின் ஊசி ஒரே ஒரு தடவை போதும். நீண்ட காலம் உடம்பில் இருந்த நோய் என்றால் கிழமைக்கு ஒன்றாக மூன்று தடவை. இவ்வளவு எளிய மருந்து இருந்தும் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 21 கோடியே 80 இலட்சம் தடவை இந்த மூன்று நோய்களில் ஒன்று புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. காரணம், இந்த நோய்கள் மறைந்திருந்து பரவுகின்றன.

சிபிலிஸ் தொற்றிச் சுமார் மூன்று கிழமையில் ஒரு புண் வரும். அது வலிக்காது. பெண்களுக்கு உள்ளே வந்தால் கண்ணுக்கும் தெரியாது. மருந்தில்லாமலே புண் ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் வரலாம். அவையும் தானாக மறையும். கிருமி மட்டும் உடம்பிலேயே இருந்து, வருடங்கள் கழித்து இருதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். கொனோரியா வந்த ஆணுக்குப் பெரும்பாலும் சில நாட்களிலேயே சிறுநீர் எரிவும் சீழும் வரும். ஆனால் கொனோரியாவோ கிளமிடியாவோ வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அடையாளமும் தெரியாது. தெரியாமலே கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறிப் பிள்ளைப்பேற்றையே தடுத்துவிடலாம். கர்ப்பிணிக்கு சிபிலிஸ் இருந்து மருந்து செய்யாவிட்டால் கரு சிதையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம்.

இனி, இந்தத் தலையங்கத்தை எழுதவைத்த விடயத்துக்கு வருகிறேன். இந்த நோய்கள் ஒரு தடவை வந்து குணமானால் மீண்டும் வராது என்பதில்லை. அம்மை போல அல்ல. இன்று ஊசி போட்டுக் குணமான மனைவிக்கு, மருந்து செய்யாத கணவரிடமிருந்து அடுத்த மாதமே திரும்பவும் தொற்றும். கணவர் மருந்து எடுத்து மனைவி எடுக்காவிட்டாலும் அதே கதைதான். கொப்புள நோய் வந்த மலையில் ஒரு நிரைக்கு மருந்தடித்து அடுத்த நிரையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே இருவரும் பரிசோதிக்க வேண்டும், இருவரும் மருந்தை முழுமையாக எடுக்க வேண்டும். கொனோரியா, கிளமிடியா என்றால் இருவரும் சிகிச்சை முடித்து 7 நாட்கள் போகும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். சிபிலிஸ் என்றால் வைத்தியர் சொல்லும்வரை. வேறு உறவு இருந்தால் அவருக்கும் தெரியப்படுத்துவதுதான் நேர்மை. டவுன் பாமசியில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டு இதைச் சமாளிக்க முடியாது. அரைகுறை மருந்தால் கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காததாகிவிட்டது.

லயத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி, "யார் கொண்டு வந்தது?" என்பதுதான். அந்தக் கேள்வியில் எத்தனையோ குடும்பங்கள் உடைந்திருக்கின்றன, எத்தனையோ பெண்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை கிருமி இருக்கிறதா என்று சொல்லும். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. அடையாளமே காட்டாமல் வருடக்கணக்கில் உடம்பில் இருக்கக்கூடிய நோய் இது. திருமணத்துக்கு முன்பே வந்ததாகவும் இருக்கலாம். முதலில் கண்டுபிடிக்கப்படுவது பெரும்பாலும் பெண்ணிடம்தான். ஏனென்றால் கர்ப்பிணிக் கிளினிக்கில் இரத்தம் பார்ப்பது அவருக்குத்தான். முதலில் தெரியவந்தவரே முதலில் கொண்டு வந்தவர் என்று நினைப்பது பெரும் தவறு.

இன்னொரு பேச்சும் உண்டு. பொது மலசலகூடத்தால் வந்தது, பீலியில் குளித்ததால் வந்தது என்பார்கள். அப்படி வருவதில்லை. இந்தக் கிருமிகள் உடலுறவு மூலமும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகின்றன. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ பக்கத்தில் நின்று கொழுந்து எடுப்பதாலோ யாருக்கும் வராது. நோய் வந்தவரை ஒதுக்கி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சரியாகப் பாவித்தால் ஆணுறை நல்ல பாதுகாப்பு. ஆனால் அது மூடாத இடத்தில் உள்ள சிபிலிஸ் புண்ணிலிருந்து தொற்றக்கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸும் எச்ஐவியும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. மருத்துவ மாதுமார் மலையேறி வந்து கர்ப்பிணிகளைப் பதிந்ததற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒழிப்பு என்றால் எண்ணிக்கை மிகக் குறைந்த அளவுக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஒரு குழந்தைக்கும் வராது என்பதல்ல. அந்த மிச்சத்தில் நமது பிள்ளைகள் இருக்கக்கூடாது.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. முதலாவது, துணைவரை அழைக்கும் துண்டும் விளக்கமும் தமிழிலும் வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வாசிக்க முடியாத துண்டு, கொடுக்காத துண்டுக்குச் சமம். இரண்டாவது, கிளினிக் போகிற நாளில் பேர் வெட்டக்கூடாது. என்ன நோய் என்று பெரட்டில் நிறுத்திக் கேட்கவும் கூடாது. கிளினிக் சீட்டு போதும். மூன்றாவது, தோட்ட டிஸ்பென்சரியில் தனியே பேச ஓர் அறை வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி எந்தப் பெண்ணும் தன் நோயைச் சொல்ல மாட்டாள்.

நமது பங்கும் இருக்கிறது. அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் உள்ளன. கொழும்பில் வேலை செய்யும் தம்பிமாருக்குக் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் மத்திய நிலையம் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம்; விபரம் இரகசியமாக வைக்கப்படும். தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் இதைக் கூட்டங்களில் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். யாராவது நம்மிடம் வந்து சொன்னால், அது நம்மோடு நிற்க வேண்டும்.

அந்தத் துண்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாய் அன்றிரவே அதைத் தொலைபேசியில் கணவருக்கு வாசித்துக் காட்டினார். அடுத்த கிழமையே அவர் போய்ப் பரிசோதித்து ஊசி போட்டுக்கொண்டார். போக மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. போக வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பல மாதங்கள் பெட்டிக்குள் கிடந்த அந்தச் செய்தியைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்தான் தேவைப்பட்டது.