காலியிடம் என்னும் சேமிப்பு

காவலர் பணியிடங்கள் விரைவில் ‘நிரப்பப்படும்’ என்று கர்நாடகத்தில் மாறி மாறி வரும் ஆட்சிகள் சொல்லிவருகின்றன. செயப்பாட்டு வினையின் வசதி அதுதான்: நிரப்ப வேண்டியவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ‘காலியிடம்’ என்பதும் தானாக நேர்ந்த வெற்றிடம்போல ஒலிக்கிறது. உண்மையில் அது நிதித்துறையின் சேமிப்பு.

பெங்களூரின் ‘பாதுகாப்பான நகரம்’ திட்டத்துக்கு நிர்பயா நிதியின்கீழ் 667 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் கேமராக்கள் வந்தன. அதில் பெரும்பங்கு ஒன்றிய அரசுடையது, திறப்புவிழாவும் உண்டு. காவலருக்கோ பணிக்காலம் முழுவதும் மாநிலமே சம்பளம் தர வேண்டும். ஆகவே கேமரா வரும், காவலர் வரமாட்டார்.

2025 ஜூன் 4 அன்று சின்னசாமி விளையாட்டரங்க வாயில்களில் 11 பேர் நெரிசலில் மாண்டனர். முந்தைய இரவு முழுவதும் வெற்றிக் கொண்டாட்டக் கூட்டத்தோடு தெருத்தெருவாகப் போராடிய காவல்துறைதான் மறுநாளும் அங்கே நின்றது. அரசோ ஆணையர் உள்ளிட்டோரைப் பணியிடைநீக்கம் செய்தது. காவலர்களும் மனிதர்களே, மந்திரவாதிகள் அல்லர் என்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் நினைவூட்ட வேண்டியிருந்தது. (அதையும் ஒரு தீர்ப்பில்தான் எழுத வேண்டுமா?)

பணமில்லை என்பதும் முழு உண்மை அன்று. 545 உதவி ஆய்வாளர் பணிகளுக்கு 2021 அக்டோபரில் தேர்வு நடந்தது. முறைகேடு வெளிவந்து 2022இல் ரத்தானது. ஆள்சேர்ப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்த கூடுதல் டி.ஜி.பி.யே கைதானார், மறுதேர்வு 2024 ஜனவரியில்தான் நடந்தது. இந்தத் தாமதத்துக்கு நிதிநெருக்கடியா காரணம்?

‘காவலர் கூடினால் அடக்குமுறையும் கூடாதா?’ என்பது நம் வளாகங்களின் வழக்கமான கேள்வி. நியாயமான அச்சம். ஆனால் ஆள்குறைந்த நிலையம் தடியைக் கைவிடுவதில்லை. புகாரைப் பதிவதையும் புலனாய்வையும்தான் கைவிடுகிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம் புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொன்னது. ஒரே காவலர் பகலில் பந்தோபஸ்தும் இரவில் ரோந்தும் பார்த்தால் எதை எதிலிருந்து பிரிப்பது?

அரசுக் கல்லூரிகளைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு ஓட்டுவதும் இதே கணக்குத்தான். அவர்களாவது ஊதியம் கேட்டுத் தெருவில் அமர முடிகிறது. காவலர்கள் சங்கம் அமைப்பதை 1966ஆம் ஆண்டுச் சட்டம் முடக்குகிறது. கர்நாடகக் காவலர்கள் 2016இல் கூட்டு விடுப்புக்குத் திட்டமிட்டபோது, முன்னின்றவர்மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்தது.

அடுத்த வரவுசெலவு அறிக்கையில் அரசு ஒரே ஒரு வரியைச் சேர்க்கட்டும்: நிரப்பாமல் விட்ட பணியிடங்களால் இவ்வாண்டு மிச்சமான சம்பளம் எவ்வளவு?