தற்காலிகமாக இருநூறு ஆண்டுகள்

டப்ளின் நகரத்துக் கத்தோலிக்க ஆலயங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு புலம்பலோடுதான் தொடங்குகிறார்கள். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழ்ந்த தலைநகரில் அவர்களுக்கென்று ஒரு பேராலயம் இல்லாமற் போயிற்றே என்பதே அப்புலம்பல். சுமார் 1030இல் வைகிங் மன்னன் சிட்ரிக் காலத்தில் தோன்றிய கிறைஸ்ட் சர்ச்சும், 1191இல் நிறுவப்பெற்ற புனித பேட்ரிக் ஆலயமும் பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் கைமாறின. கத்தோலிக்கருக்கு எஞ்சியது மார்ல்பரோ தெருவின் புனித மரியாள் ஆலயம். அதற்கும் 'பதிலிப் பேராலயம்' என்ற பெயர்தான்.

இந்தப் புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆலயத்திற்கு 1815இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1825 நவம்பர் 14 அன்று பேராயர் டேனியல் மரே அதை அர்ச்சித்தார். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையைப் பெற்றதோ 1829இல்தான். ஆள்வோரின் முகச்சுளிப்புக்கு அஞ்சியே பெருந்தெருவை விட்டுப் பக்கத்துத் தெருவுக்கு ஒதுங்கினார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. ஒதுங்கியவர்கள் எழுப்பியது ஒதுங்கி நிற்கும் கட்டடமா என்றால், இல்லை. கிரேக்கக் கோயிலின் கம்பீரத்தோடு தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன.

1847இல் டேனியல் ஓ'கானலுக்கும், 1922இல் மைக்கேல் காலின்சுக்கும் இறுதித் திருப்பலி இங்கேதான் நடந்தது. 1903இல் எட்வர்ட் மார்ட்டின் அளித்த கொடையால் பாலஸ்த்ரீனா பாடகர் குழு நிலைபெற்றது. ஒரு பேராலயம் செய்ய வேண்டியதில் எதை இது செய்யாமல் விட்டது? குறைந்தது பட்டம் ஒன்றுதானே!

அந்தப் பட்டத்திற்காக 1930இல் மெரியன் சதுக்கத்தை விலைக்கு வாங்கினார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அங்கே ஒரு கல்லும் எழவில்லை. 1974இல் பேராயர் டெர்மட் ரயன் அதை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார், பூங்காவாயிற்று. இதைத் தோல்வி என்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் நகரத்து ஏழை மக்கள் நெரிசலான பழைய குடியிருப்புகளிலிருந்து கிரம்லின், கப்ரா போன்ற புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து புதிய பங்குகளும் ஆலயங்களும் எழுந்தன. பேராயருக்கு அரியணை மண்டபம் முக்கியமா, குடிபெயர்ந்தவனுக்குப் பக்கத்தில் ஒரு பீடம் முக்கியமா? காலம் சரியான விடையைத்தான் தந்தது.

இதைப் பேராயர்களுக்குப் பாடும் புகழ்மாலையாக எவரும் கொள்ள வேண்டாம். அந்தப் பூங்காவுக்கு ரயனின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் புகார்களை உயர்மறைமாவட்டம் கையாண்ட விதத்தை 2009இல் மர்பி ஆணைய அறிக்கை அம்பலப்படுத்தியது. ரயனும் அதில் கண்டனத்துக்கு உள்ளானார். 2010இல் பூங்காவிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. புனித மரியாள் ஆலயத்திலிருந்து சற்று நடந்தால் ஷான் மக்டெர்மட் தெரு. அங்கே, பெண்களை அடைத்து வைத்து வேலை வாங்கிய மகதலேனா சலவையகம் 1996வரை இயங்கியது. தூண்களின் அழகை வருணிக்கும் எத்தனை நூல்கள் இந்த நடைதூரத்தை அளக்கின்றன?

நம் தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஓர் அருமையான சொல் உண்டு: பங்கு. ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் கூட்டத்திற்கு அதுவே பெயர். பங்கு என்றால் பாகம், உரிமை, பொறுப்பு. அந்தச் சலவையகத்துப் பெண்களுக்கு அந்நகரத்தின் ஆலயங்களில் என்ன பங்கு இருந்தது? டப்ளின் திருச்சபை விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. பேராலயம் உண்டா இல்லையா என்பதன்று.

2025 நவம்பரில், இருநூறாம் ஆண்டு நிறைவில், பாப்பரசர் பதினான்காம் லியோ புனித மரியாள் ஆலயத்தை முறைப்படி பேராலயமாக அறிவித்தார். 'பதிலி' என்ற முன்னொட்டு உதிர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டத்தை உரோமை தரலாம். பங்கை அந்நகரத்தார்தான் தர வேண்டும். அதில் இன்னும் நிலுவை இருக்கிறது.